எரியாத சுவரை நனைத்தவர்கள்

முதலில் வந்தது ஒரு சக்கரம். இரும்புப் பட்டை அடித்த மரச்சக்கரம்; அது தணிகாசலம் படுத்தபடி விரித்து வைத்திருந்த அஞ்சல் அட்டை ஆல்பத்தின் விளிம்பைத் தாண்டி அவன் மார்பின்மேல் ஏறி, போர்வையில் ஒரு தடத்தைப் பதித்து, கட்டிலிலிருந்து இறங்கி எங்கள் ஆலைமேட்டுக் குப்பத்தின் மண்தரையில் நின்றது. அதன் பின்னால் பித்தளைத் தலைக்கவசம் போட்ட மீசைக்காரர்கள், தாழ்ந்த வாசலில் தலை இடித்துக்கொள்ளாமல் குனிந்து, ஒருவர் பின் ஒருவராகத் தெருவுக்குப் போனார்கள். அன்று ஞாயிற்றுக்கிழமை. காலைப் பூசை முடிந்து மாதா கோயில் மணி அடித்து ஓய்ந்திருந்தது. தணிகாசலத்தின் மனைவி அஞ்சலாட்சி அடுப்பருகே மீன் கழுவிக்கொண்டிருந்தாள். அவள் நிமிர்ந்து பார்த்து, "செருப்போட உள்ள வராதீங்கன்னு எத்தினி வாட்டி சொல்றது" என்றாள். பிறகு அவர்கள் உள்ளே வரவில்லை, வெளியேதான் போகிறார்கள் என்பதைக் கண்டு, வழியிலிருந்த மீன் சட்டியை நகர்த்தி வைத்தாள்.

நான் அப்போது கட்டிலின் காலடியில் முக்காலியில் உட்கார்ந்திருந்தேன். என் பெயர் கலிவரதன். ஒரு காலத்தில் என் பெயரைச் சொன்னால் காவல் நிலையத்தில் லத்தியை எடுப்பார்கள். இப்போது நாற்காலியை எடுத்துப் போடுகிறார்கள். இரண்டில் எது பெரிய அவமானம் என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை. பிரெஞ்சுப் பள்ளிக்கூடம் எனக்கு ஐந்தாம் வகுப்போடு சரி. மீதியெல்லாம் துண்டுப்பிரசுரங்களில் படித்தது, பிறகு துண்டுப்பிரசுரங்களில் எழுதியது.

பிரெஞ்சுக்காரன் ஆண்டுவிட்டுப் போன எங்கள் கடலோர ஊரில், மூடிக் கிடக்கும் பஞ்சாலையின் முதுகுப் பக்கம் இருக்கிறது ஆலைமேட்டுக் குப்பம். ஆலை ஓடிய காலத்தில் அதில் வேலை பார்த்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும் கீற்றுக் குடிசைகளில் நெருக்கிப் பிடித்து வாழ்கிறார்கள், கத்திரி வெயில் பிறந்தால் ஏதாவது ஒரு மூலை எரியும், தீயணைப்பு வண்டி ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வர வேண்டும், வரும்போது கேட் மூடியிருக்கும், கேட் திறந்து வண்டி வந்து சேரும்போது எங்களிடம் நனைப்பதற்குச் சாம்பல் மட்டும் மிச்சமிருக்கும். ஆலை முற்றம் காலியாகக் கிடக்கிறது, அதில் ஒரு வண்டியை நிறுத்துங்கள், ஒரு பெரிய குழாயைப் போடுங்கள் என்று நான் எழுதிய மனுக்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் அதன்மேல் ஏறி நின்று தண்ணீர் ஊற்றலாம்.

தணிகாசலம் என் தோழன். கடைசி வேலைநிறுத்தத்தில், ஆலை அலுவலகத்தின் படிகளில், என்னைப் பார்த்து ஓங்கிய லத்தியடியை முதுகில் வாங்கி இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லாமல் போனவன். பேச்சு மட்டும் போகவில்லை. அஞ்சலாட்சி காலையில் வெள்ளைக்காரத் தெருவில் ஒரு விடுதிக்கு அறை பெருக்கப் போனால் சாயங்காலம்தான் திரும்புவாள்.

"காத்து கொஞ்சம் வேகமா அடிச்சாலே இந்தப் பக்கந்தான் திரும்பித் திரும்பிப் பாக்கறேண்ணே," என்று ஒரு கோடையில் என்னிடம் சொன்னாள். "நான் அங்க எவனுக்கோ மெத்தை விரிச்சிக்கினு இருப்பேன். இங்க பத்திக்கிச்சின்னா இவர யாரு தூக்குவா?"

அந்தக் கேள்விக்காக நான் ஏற்படுத்தியதுதான் கட்டில் முறை. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வாரம். முறை வந்த வீட்டின் வாசலில் ஒரு சிவப்புத் துணி தொங்கும். அந்த வீட்டில் பலமுள்ள ஒருவர் பகலில் குப்பத்தை விட்டு நகரக் கூடாது. தீ என்று சத்தம் கேட்டால் தன் வீட்டுப் பானையைத் தொடுமுன் தணிகாசலத்தின் கட்டிலைத் தொட வேண்டும். கூரையைப் பிடித்து இழுக்க நீண்ட கொக்கிக் கம்புகள், மண் நிரப்பிய பானைகள் எல்லாம் தெருமுனையில் இருந்தன. அரசாங்கம் தராததை நாங்களே செய்துகொண்டோம். அதில் எனக்கு இருந்த கர்வத்தை நான் மறைக்க விரும்பவில்லை.

ஆல்பத்தைத் தந்தவர் முசே கஸ்பார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து, ஓய்வூதியத்தில் எங்கள் தெருவை அடுத்த ஓட்டு வீட்டில் வாழ்ந்த தமிழர்; ஊரில் அப்படிப்பட்டவரை சொல்தா என்பார்கள். மகள் பாரிசிலிருந்து வந்து அவரை நிரந்தரமாக அழைத்துப் போன வாரத்தில், தடித்த அட்டை போட்ட ஆல்பத்தைத் தணிகாசலத்தின் மடியில் வைத்தார்.

"படுத்துக்கினே ஃபிரான்ஸ் பாரு, மொன்னாமி, என் சிநேகிதா. எல்லாம் பொம்பியே கார்டுங்க. தீயணைக்கிறவன அங்க பொம்பியேன்னு சொல்றது. நானு லீவுல போன ஊரு ஊரா, சந்தை சந்தையா பொறுக்கினது."

"ஏன் முசே, பொண்ணுங்க படம் எதுவும் கெடைக்கலியா?" என்றான் தணிகாசலம்.

"அது வேற ஆல்பம். அது என்கூட வருது," என்றார் கஸ்பார், மகள் காதில் விழாமல்.

அதன் பிறகு தினமும் மாலையில் நான் அந்த அஞ்சல் அட்டைகளின் கீழே இருந்த பிரெஞ்சு வரிகளை எழுத்துக்கூட்டிப் படித்துச் சொல்ல, தணிகாசலம் படத்தைப் பார்த்துக் கேட்பான். காலவரிசைப்படி ஒட்டியிருந்தார் கஸ்பார். முதல் அட்டைகள் பழைய சித்திரங்களைப் பார்த்து அச்சடித்தவை: தோல் வாளிகளை ஆற்றிலிருந்து கைமாற்றிக் கைமாற்றித் தரும் ஜனங்கள், எரியும் கூரைமேல் அங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு நிற்கும் சாமியார்கள், கொத்தனும் தச்சனும் கூரை வேய்கிறவனும் தீ என்றால் கருவியோடு வந்தாக வேண்டும் என்று அன்றைக்கு இருந்த சட்டம், பிறகு அயல்நாட்டில் பார்த்த பம்பைப் பாரிசுக்குக் கொண்டுவந்து அதற்கு ராஜாவிடம் தனி உரிமை வாங்கிக்கொண்ட ஒரு நாடக நடிகன். பிறகு ஒரு நடன மண்டபம். ஒரு தூதர் கொடுத்த விருந்தில் திரைச்சீலையில் தீப்பிடித்துச் சீமாட்டிகள் கருகினார்கள், அங்கே விருந்தாளியாக இருந்த பேரரசன் அடுத்த வருடமே பாரிசுக்கு ராணுவத் தீயணைப்புப் படை அமைத்தான்.

"எழுதிக்கோ," என்றான் தணிகாசலம். "குடிசை எரிஞ்சப்ப வாளி. மாளிகை எரிஞ்சப்ப பட்டாளம்."

"இதைத்தான் நான் எல்லாப் பிரசுரத்திலும் எழுதியிருக்கிறேன்."

"உன் பிரசுரத்தால எந்த நெருப்பும் அணைஞ்சதில்ல கலியா. பத்த வெக்கத்தான் அது ஒதவும். அஞ்சலாட்சியக் கேளு, அடுப்புக்கு அதான்."

அடுத்து வந்தவை கிராமத்து அட்டைகள், அவைதான் அதிகம். கொல்லனும் ரொட்டி சுடுகிறவனும் பள்ளி வாத்தியாரும் ஞாயிறு பூசை முடிந்ததும் சீருடை மாட்டிக்கொண்டு, கைப்பம்பு வண்டியை ஊர் மன்றத்தின் முன்னால் இழுத்து வந்து, இருபுறமும் நின்று நீண்ட மரத்தண்டை ஏற்றி இறக்கி, எரியாத கட்டடத்தின் எரியாத சுவரில் தண்ணீர் பாய்ச்சிப் பயிற்சி செய்யும் படங்கள். பிறகு குதிரை இழுக்கும் நீராவிப் பம்பு, பிறகு மோட்டார் வண்டி, வானம் தொடும் ஏணி. நடுநடுவே இடிந்து கருகிய வீடுகளின் முன்னால் பொம்பியேக்கள் இடுப்பில் கை வைத்து வரிசையாக நிற்கும் அட்டைகள். தீப்பிடித்த மறுநாளே அச்சடித்து விற்பார்களாம்.

தணிகாசலம் ஆல்பத்தை முன்னும் பின்னும் பலமுறை புரட்டினான். "எரியறப்ப எடுத்தது ஒண்ணுகூட இல்லியே கலியா?"

அந்தக் காலத்துக் கேமரா அசையாத பொருளைத்தான் பிடிக்கும் என்று சொன்னேன். தீ அசையும், ஓடுகிற மனிதன் அசைவான். அதனால் அந்த ஆல்பத்தில் தீக்கு முன்னால் உண்டு, தீக்குப் பின்னால் உண்டு, தீ மட்டும் இல்லை.

அந்த ஞாயிறு பயிற்சி அட்டையிலிருந்துதான் சக்கரம் இறங்கி வந்தது.

அவர்கள் தெருவில் வண்டியை நிறுத்தி, சுற்றும் முற்றும் பார்த்து, எங்கள் கீற்றுக் கூரைகளையெல்லாம் கட்டடம் என்று எண்ணாமல், வளைவு ஜன்னல்களும் சுண்ணாம்புத் தூண்களும் கொண்ட ஆலை அலுவலகத்தைக் கண்டதும் முகம் மலர்ந்து அதன் முன்னால் போய் அணிவகுத்தார்கள். குப்பத்துக்குப் பக்கத்தில் அவர்கள் ஊர் மன்றத்தைப் போலத் தெரிந்தது அது ஒன்றுதான். எங்களை வேலையை விட்டுத் துரத்தும் உத்தரவுகள் கையெழுத்தான கட்டடம், தணிகாசலத்தின் இடுப்பு முறிந்த படிகள் கொண்ட கட்டடம், பூட்டிப் பல வருடமாக வௌவால் குடியிருக்கும் கட்டடம். அதன் எரியாத சுவரில் எங்கிருந்தோ வந்த குளிர்ந்த ஆற்றுத் தண்ணீரை அவர்கள் விசில் சத்தத்துக்கு ஏற்றவாறு அடித்தார்கள், அடித்து முடித்து வணக்கம் வைத்துவிட்டு, வந்த வழியே குடிசைக்குள் குனிந்து, போர்வைமேல் ஏறி, படத்துக்குள் போய் அசையாமல் நின்றார்கள்.

முதல் ஞாயிறு குப்பம் வேடிக்கை பார்த்தது. இரண்டாவது ஞாயிறு டீக்கடைத் தைலம்மா ஒரு பானையைக் கொண்டுபோய்ச் சுவரின் அடியில் வைத்தாள். எங்கள் குப்பத்துக்கு இருந்தது ஒரே ஒரு குழாய், அதில் வருவது உப்பு. தைலம்மா சுவரில் வழிந்த தண்ணீரைக் குடித்துப் பார்த்து, "அடிப்பாவி, இளநீருடி!" என்று கத்தினாள். அடுத்த ஞாயிறு சுவரின் நீளத்துக்குக் குடங்கள் வரிசையாக நின்றன. அதற்கடுத்து வரிசையில் இடம் பிடிக்கச் சண்டை வந்தது, சண்டையைத் தீர்க்க ஒரு கமிட்டி வந்தது, கமிட்டிக்கு ஒரு தலைவர் வந்தார். பொம்பியேக்களுக்கு மோர் கொடுத்தார்கள். அவர்கள் வாங்கிக் குடித்து மீசையைத் துடைத்துக்கொண்டார்கள். தலைவனைப் போலிருந்த தாட்டிகமானவனுக்குக் கருப்புசாமி என்று பெயர் வைத்தார்கள். அவன் தலைக்கவசத்தைத் தொட்டால் குழந்தைக்குச் சூட்டுக் கட்டி வராது என்று ஒரு பேச்சு பரவியது. கல்யாணங்களை ஞாயிறு காலைக்கு மாற்றினார்கள், பித்தளைத் தொப்பிக்காரர்கள் பின்னால் நிற்கப் படம் எடுத்துக்கொள்ளலாம் என்பதற்காக. இரண்டு கட்சிகள் அவர்களைத் தாங்கள்தான் வரவழைத்ததாகச் சுவரொட்டி ஒட்டின. இரண்டிலும் இருந்தது ஒரே அச்சகத்தின் பெயர்.

நான் அவர்களை வெறுக்கவில்லை. உழைக்கிற முகங்கள், கொல்லன் கை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? ஆனால் மெல்ல மெல்ல வேறு சில காரியங்கள் நடந்தன. கொக்கிக் கம்புகள் முருங்கைக்காய் பறிக்கப் போயின. மண் பானைகளிலிருந்த மண்ணைக் கொட்டிவிட்டு அவற்றிலும் தண்ணீர் பிடித்தார்கள், அந்தத் தண்ணீரையும் வெள்ளிக்கிழமைக்குள் குடித்துத் தீர்த்தார்கள். ஒருநாள் கமிட்டி கூடி, மழையில் நனைந்தாலோ எலி கடித்தாலோ குப்பமே கெட்டுப்போகும் என்பதால் ஆல்பத்துக்குக் காவல் வேண்டும் என்று முடிவு செய்தது. சிவப்புத் துணி ஏற்கெனவே இருந்தது, வாரம் ஒரு வீடு என்ற ஒழுங்கும் இருந்தது. கட்டில் முறை ஆல்பம் முறை ஆயிற்று.

"ரெண்டும் ஒண்ணுதான தோழரே," என்றான் பக்கிரி. பெயிண்ட் அடிக்கப் போகும் இளைஞன், நல்லவன், கமிட்டியில் சுறுசுறுப்பானவன். "ஆல்பம் அவரு மேலதான இருக்கு. தீப்புடிச்சா முறைக்காரன் ஆல்பத்த வெளிய கொணாந்து பக்கத்தத் தெறக்கணும், இன்னொருத்தன் ஓடிப்போயி கோயில் மணிய அடிக்கணும். ஞாயித்துக்கெழம மாதிரியே மணி கேட்டதும் பொம்பியேங்க வந்துருவாங்க. கட்டில ஏன் தூக்கணும்? தீயத்தான் அணைச்சுருவாங்களே!"

"அவர்கள் இதுவரை எந்தத் தீயையாவது அணைத்து நீ பார்த்திருக்கிறாயா?"

"தீயே வரலியே! அவங்க வந்ததிலேர்ந்து ஒரு தீப்பொறி உண்டா? சொல்லுங்க."

அது உண்மை. அந்த வருடம் கோடை தாமதமாக வந்தது.

கூட்டம் போட்டுப் பேசினேன். எரியாத சுவரில் தண்ணீர் அடிக்கத் தெரிந்தவர்கள் அவர்கள், அவர்களுடைய படத்தில் தீயே கிடையாது என்றேன். கை தட்டினார்கள், எனக்கு எப்போதும் கை தட்டுவார்கள். பிறகு குடங்களை எடுத்துக்கொண்டு போனார்கள். தணிகாசலத்திடம் வந்து குமுறினேன்.

"உனக்குப் பொறாமை கலியா," என்றான். "நீ வாழ்நாளெல்லாம் கத்திக் கொண்டாராத தண்ணிய, நான் படுத்த படுக்கையா கொண்டாந்துட்டேன்."

"விளையாடாதே. கட்டில் முறை போனது உனக்குப் பயமாக இல்லையா?"

அவன் ஆல்பத்தின் அட்டையைத் தடவிக்கொண்டிருந்தான். "கலியா, இத்தினி வருசமா வாராவாரம் ஒருத்தன் மூஞ்சியில பாக்கறேன், இந்தாளால இன்னிக்கும் வேலைக்குப் போவ முடியலியேன்னு. இப்ப அதே ஆளு உள்ள வந்து, அண்ணே சௌக்கியமா, ஞாயித்துக்கெழம தண்ணி நல்லா வந்துச்சின்னு சொல்றான். இத நான் திருப்பிக் குடுக்கணுமா?"

நான் அவன் போர்வையை இழுத்துச் சரிசெய்துவிட்டு எழுந்து போனேன்.

அஞ்சலாட்சிக்கு மட்டும் பயம் விடவில்லை. வேலைக்குப் புறப்படும்போது வாசலில் நின்று தெருவின் இரு கோடியையும் பார்ப்பாள். "வண்டி வருமாண்ணே?" என்று என்னைக் கேட்பாள். வரும் என்பேன். கோப்பு கடைசி மேசைக்குப் போய்விட்டது என்று எனக்குத் தெரிந்திருந்தது. ஆலை முற்றத்தில் ஒரு வண்டி, ஒரு குழாய், கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

கத்திரி உச்சத்தில், ஒரு வியாழக்கிழமை, அந்தக் கையெழுத்து என்ன ஆயிற்று என்று கேட்க நகர அலுவலகத்துக்குப் போனேன். அதிகாரி எனக்கு நாற்காலி போட்டார், குளிர்பானம் வரவழைத்தார்.

"அத மூடிட்டோமே ஐயா," என்றார். "உங்க பகுதியில தீயணைப்பு ஏற்பாடு திருப்தியா இருக்குன்னு உங்க கமிட்டியே எழுதிக் குடுத்துருக்கு. அந்த வண்டிய ஏற்பாடு இல்லாத எடத்துக்குக் குடுத்தோம். நியாயந்தான?"

"அவர்கள் அஞ்சல் அட்டையிலிருந்து வருகிறவர்கள்."

"எங்கேர்ந்து வந்தா என்ன ஐயா, எங்க ஆளுங்களும் டெபுடேஷன்லதான் வராங்க," என்று சிரித்தார். சிரித்துக்கொண்டே ஜன்னல் பக்கம் திரும்பியவர், "அது உங்க பக்கமா?" என்றார்.

ஆலைப் புகைபோக்கி புகை விட்டு எத்தனையோ வருடம் ஆயிற்று. அதன் பின்னால் கருப்பாக ஒன்று எழுந்து, காற்றுக்குச் சாய்ந்து நின்றது. நான் எழுந்து ஓடினேன். "உங்க பொம்பியேங்க இருக்காங்களே, மெதுவா போங்க" என்று அவர் சொன்னதில் கேலி இல்லை, அக்கறைதான் இருந்தது.

ரயில்வே கேட் மூடியிருந்தது. தீயணைப்பு வண்டி எனக்கு முன்பே வந்து அங்கே நின்றுகொண்டிருந்தது; மணி அடித்துக்கொண்டே இருந்தது, வண்டியின் பக்கவாட்டில் தொற்றிக்கொண்டிருந்த காக்கிச் சட்டைக்காரர்கள் வியர்த்துப்போய்ப் புகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அவர்களில் ஒருவன் என்னிடம், "பெரிசு, உங்க ஊட்டாண்டையா?" என்று கேட்டான். முன்னால் சரக்கு ரயில், பெட்டி பெட்டியாக, நிலக்கரி, சிமெண்டு, மறுபடி நிலக்கரி என்று, தண்டவாளத்தை எண்ணிக்கொண்டு போவதுபோலப் போய்க்கொண்டிருந்தது. கடைசிப் பெட்டி கடந்த உடனே நான் கேட்டுக்கு அடியில் நுழைந்து ஓடினேன்.

குப்பத்தின் மேற்கு வரிசை முழுவதும் எரிந்துகொண்டிருந்தது. மாதா கோயில் மணி விடாமல் அடித்தது. எல்லாம் திட்டமிட்டபடியே நடந்திருந்தது, அதைச் சொல்லத்தான் வேண்டும். இத்தனை ஒழுங்காக எங்கள் குப்பம் எந்தப் போராட்டத்திலும் நடந்ததில்லை. முறைக்காரன் தன் வீட்டை விட்டுவிட்டு ஓடியிருந்தான், மணி அடிக்க வேண்டியவன் மணி அடித்தான், ஆல்பத்தை ஈரச் சாக்கில் சுற்றித் தலைமேல் வைத்து ஒரு தீப்பொறி படாமல் வெளியே கொண்டுவந்து, தைலம்மாவின் பெஞ்சில் வைத்து, சரியான பக்கத்தைத் திறந்திருந்தார்கள். பொம்பியேக்களும் வந்திருந்தார்கள். மரத்தண்டு ஏறி இறங்கியது, விசில் ஒலித்தது, பித்தளைக் கவசங்களில் தீயின் சிவப்பு ஓடியது, குளிர்ந்த தண்ணீர் வளைந்து எழுந்து ஆலை அலுவலகத்தின் எரியாத சுவரில் பாய்ந்துகொண்டிருந்தது.

ஜனங்கள் முதலில் ஆரவாரம் செய்திருப்பார்கள் போலும். நான் போனபோது அவர்கள் வாய் திறந்தபடி இருந்தது, சத்தம் இல்லை.

பக்கிரி பெஞ்சின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். புருவம் கருகியிருந்தது. இடுப்பில் சிவப்புத் துணி கட்டியிருந்தான். அந்த வாரம் அவன் முறை.

"தணிகாசலம் எங்கேடா?" என்றேன்.

அவன் என்னைப் பார்த்தான், ஆல்பத்தைப் பார்த்தான்.

"அவருதான் நீட்டினாரு," என்றான். "உள்ள பூந்தேன். மேல கூரை புடிச்சிருந்துச்சி. 'பக்கத்தப் பாத்துத் திருப்புடா, கிழிஞ்சிடப் போவுது'ன்னு சொல்லி அவரேதான் நீட்டினாரு... நான் முறைப்படிதான் தோழரே..."

நான் குடிசையை நோக்கிப் போனேன். வாசல் இருந்த இடம் தெரிந்தது. அதற்கு அப்பால் போக முடியாதபடி நெருப்பு என்னை நெஞ்சில் கை வைத்துத் தள்ளியது, மறுபடி போனேன், மறுபடி தள்ளியது, கூரை உள்ளே அமர்ந்தது. திரும்பி ஓடிவந்து பொம்பியேக்களின் குழாயைப் பிடித்தேன். வாழ்க்கையில் முதல் முறையாகக் கெஞ்சினேன். எந்த அதிகாரியிடமும் கெஞ்சாதவன், அவர்கள் மொழியில் எனக்குத் தெரிந்த எல்லாச் சொல்லையும் சொல்லி, ஆட்சிக்கும் மன்றத்துக்கும் கூட்டத்துக்கும் உள்ள சொற்களே எனக்குத் தெரிந்திருக்க, அவற்றையே மாற்றி மாற்றிச் சொல்லிக் கெஞ்சினேன். அவர்கள் தடுக்கவில்லை. குழாயின் பித்தளை முனையைத் தீயின் பக்கம் திருப்பினேன், அது திரும்பியது. தண்ணீர் திரும்பவில்லை. முனையை விட்டு வெளியே வந்ததும் அது காற்றில் ஒரு வளைவு வளைந்து, என் தலைக்கு மேலே போய், தான் எப்போதும் விழும் அதே சுவரில், இரண்டாவது ஜன்னலுக்கும் மூன்றாவது ஜன்னலுக்கும் நடுவே விழுந்தது. கருப்புசாமி என்று நாங்கள் பெயர் வைத்தவன் என் கையை மெதுவாக எடுத்துவிட்டான். அவன் கண்ணில் நீர் நின்றது; புகையாலும் இருக்கலாம். குழாயைப் பழைய இடத்துக்குத் திருப்பி வைத்துக்கொண்டு விசிலுக்காகக் காத்திருந்தான்.

காக்கிச் சட்டைக்காரர்கள் கேட் திறந்து வந்தார்கள். வந்ததும் வேலையைப் பார்த்தார்கள், கிழக்கு வரிசை தப்பியது. பொம்பியேக்கள் பயிற்சியை முடித்துக்கொண்டு, எரிந்து முடிந்த மேற்கு வரிசையின் முன்னால் போய், இடுப்பில் கை வைத்து, கேமரா இருக்க வேண்டிய ஒரு இடத்தைப் பார்த்து வரிசையாக நின்றார்கள். யாரும் சொல்லாமலே குப்பத்து ஜனங்கள் அவர்கள் பின்னால் போய் நின்றார்கள். எதற்காக நிற்கிறோம் என்று ஒருவருக்கும் தெரியவில்லை, நகரவும் முடியவில்லை.

அஞ்சலாட்சி விடுதிச் சீருடைப் புடவையோடு ஓடிவந்தாள். தைலம்மாவின் பெஞ்சில் திறந்து கிடந்த ஆல்பத்தைப் பார்த்தாள், அதன்மேல் ஒரு கரித்துகள்கூட இல்லை என்பதைப் பார்த்தாள், பிறகு தெருவிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை அடக்கம். சனிக்கிழமை அதிகாரிகள் வந்து பார்த்தார்கள். தண்ணீர் லாரி வரும் என்றார்கள். இருந்த ஒரே குழாயும் பிளாஸ்டிக் ஆனதால் உருகி மண்ணோடு ஒட்டிக் கிடந்தது. நான் மேற்கு வரிசையின் சாம்பலில் நின்றபடியே எழுதினேன், இத்தனை வருடத்தில் எழுதியதிலேயே நல்ல பிரசுரம் அதுதான்: இந்தத் தண்ணீரைத் தொடாதீர்கள், இது நம்மைக் கொன்ற தண்ணீர், ஆல்பத்தை நடுத்தெருவில் கொளுத்துவோம், வண்டி வரும்வரை நகர அலுவலகத்தின் வாசலில் உட்காருவோம்.

ஞாயிறு காலை பூசை மணி அடித்து ஓய்ந்தது. ஆல்பம் பக்கிரியின் வீட்டில் இருந்தது. அந்த வீடு கிழக்கு வரிசை. சக்கரம் வந்தது, பொம்பியேக்கள் வந்தார்கள். நான் பிரசுரக் கட்டோடு ஆலை அலுவலகச் சுவரின் முன்னால், தண்ணீர் விழும் இடத்துக்கு நேராகப் போய் நின்றுகொண்டேன். என்மேல் அடித்தார்கள். பிரசுரங்கள் கையிலேயே ஊறிக் கூழாயின. லாரி வரவில்லை. ஜனங்கள் தெருக்கோடியில் நின்று என்னைப் பார்த்தார்கள். கைக்குழந்தைக்காரிகள் இருந்தார்கள், கை கால் வெந்து துணி சுற்றியவர்கள் இருந்தார்கள். என் பேச்சை மதித்து ஒருவரும் தண்ணீர் பிடிக்க முன்னால் வரவில்லை, அந்த அளவுக்கு எனக்கு இன்னும் மரியாதை இருந்தது. அந்த மரியாதையை நான் பற்றிக்கொண்டு நின்றேன்.

கூட்டத்திலிருந்து அஞ்சலாட்சி தனியாக வந்தாள். கையில் ஒரு பக்கம் கருகி நசுங்கிய அலுமினியக் குடம்.

"வாம்மா," என்றேன். "நீ சொன்னால் எல்லோரும் கேட்பார்கள். நீயே சொல். இன்றைக்கே கொளுத்திவிடுவோம்."

"கொளுத்தலாம்ணே," என்றாள். "கொளுத்திட்டு?"

"போராடுவோம்."

"சரிண்ணே." அவள் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்கு ஏதாவது செய்யத் தெரிந்திருக்கும். "மூணு நாளா நாக்கு ஒட்டிக் கெடக்குது. கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

எனக்குப் பின்னால் சுவரில் தண்ணீர் விழும் சத்தம், விசில், மரத்தண்டு ஏறி இறங்கும் சத்தம். அவளுக்குப் பின்னால் ஒவ்வொருவராகக் குடங்களோடு வந்து நிற்கத் தொடங்கினார்கள், பக்கிரி எல்லோருக்கும் கடைசியில் நின்றான். அஞ்சலாட்சி என் முழங்கையைத் தொட்டாள்.

"நகருங்கண்ணே. வரிசை நிக்குது."

நான் நகர்ந்து நின்றேன்.